மலையேறும் மின்சாரம் - 7: கேட்டால்தான் 12 வோல்ட்

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் ஏறும் மின்கம்பிகளைப் போன வாரம் பார்த்தோம். புதூர்நாட்டில் காற்றும் மழையும் சேர்ந்தடித்தால் கிளை முறிந்து கம்பிமேல் விழும். சரிசெய்யும்வரை கரண்ட் கிடையாது. விளக்குக்கு டார்ச் போதும். ரவுட்டர் அணைந்தால்தான் கடைக்காரர்களுக்குத் தலைவலி. "பத்தாயிரம் எம்ஏஎச் பவர் பேங்க் சும்மா கெடக்குதுங்க சார், அதுல ரவுட்டர ஓட்ட முடியாதா?" என்று கேட்டார் அங்கே கடை வைத்திருக்கும் ஒரு தம்பி.

ரவுட்டருக்கு 12 வோல்ட் வேண்டும். யூஎஸ்பி தருவது 5. ஆனால் பவர் பேங்கின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். வேகச் சார்ஜிங் வகையாக இருந்தால் 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2 ஆம்பியர், 12 வோல்ட் 1.5 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதாவது, 12 வோல்ட் உள்ளேயே இருக்கிறது. கேட்டால்தான் வெளியே வரும்.

எதற்கு இத்தனை வோல்ட்? காரணம் கேபிள். 18 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்பினால் 3.6 ஆம்பியர் ஓட வேண்டும். கேபிளின் மின்தடை 0.2 ஓம் என்றால் வழியிலேயே சுமார் 2.6 வாட் சூடாகிப் போய்விடும். 12 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் போதும்; இழப்பு 0.45 வாட்தான். புதூர்நாட்டுக்கு மின்வாரியம் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் மின்சாரத்தை ஏற்றி, ஊருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்குவதும் இதே கணக்கில்தான்.

பழைய போனைச் செருகினால் அது கருகிவிடக் கூடாது. அதனால் எந்தச் சார்ஜரும் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். குவால்காம் நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த குயிக் சார்ஜ் 2.0 முறையில், கேட்கும் வேலையை டி பிளஸ், டி மைனஸ் என்ற இரண்டு டேட்டா கம்பிகள் செய்கின்றன. சார்ஜருக்குள் இந்த இரண்டும் முதலில் ஒட்டியே இருக்கும். டி பிளஸில் 0.6 வோல்ட்டை ஒன்றேகால் விநாடிக்குமேல் பிடித்தால், 'விஷயம் தெரிந்த ஆள்தான்' என்று சார்ஜர் இரண்டையும் பிரித்துவிடும். டி மைனஸ் பூஜ்யத்துக்கு இறங்கும். அதன்பின் டி மைனஸிலும் 0.6 கொடுத்தால் 12 வோல்ட் வரும். டி பிளஸை 3.3-க்கு ஏற்றி டி மைனஸில் 0.6 வைத்தால் 9.

12 வோல்ட்டுக்கு மைக்ரோகன்ட்ரோலர்கூட வேண்டாம். ஏஎம்எஸ்1117 என்ற 3.3 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று, அதற்குரிய கெப்பாசிட்டர்கள், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 2.2 கிலோ ஓம் இரண்டு, ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். 3.3 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2.2, இரண்டும் சேரும் இடத்தில் ஏறக்குறைய 0.6 வோல்ட் நிற்கும். ஒரு ஜோடி நேராக டி பிளஸுக்கு. இன்னொன்று சுவிட்ச் வழியாக டி மைனஸுக்கு. செருகி, இரண்டு விநாடி பொறுத்து, சுவிட்சைப் போட வேண்டும். முதலிலேயே சுவிட்ச் போட்டிருந்தால் டி மைனஸ் பூஜ்யத்துக்கு இறங்காது. சார்ஜரும் 5-ஐ விட்டு நகராது. மல்டிமீட்டரில் 12 பார்த்த பிறகே, பிளஸ் மைனஸ் சரிபார்த்து ரவுட்டரை மாட்டுங்கள்.

டைப்-சி முனையில் வரும் பவர் டெலிவரி முறை வேறு சங்கதி. அங்கே சிசி என்ற தனிக் கம்பியில் டிஜிட்டல் செய்தியாகவே பேரம் நடக்கும். ரெசிஸ்டர்களை மட்டும் வைத்து ஏமாற்ற முடியாது. சிஎச்224கே சிப் வைத்த சிறு பலகையை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். அதில் 24 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் 12 வோல்ட் கேட்கும். அந்த ரெசிஸ்டரின் சால்டர் விட்டுப்போனால் 20 கேட்கும், ரவுட்டர் காலி! பவர் டெலிவரியின் வழக்கமான படிகள் 5, 9, 15, 20. 12 பல சார்ஜர்களில் இருக்காது. அட்டையைப் படித்து வாங்குங்கள்.

பத்தாயிரம் எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 37 வாட்-மணி. மாற்றும்போது போவதைக் கழித்தால் 30 தேறும். 6 வாட் ரவுட்டர் ஐந்து மணி நேரம் ஓடும். ஒரே சிக்கல்: கரண்ட் வந்து பவர் பேங்குக்குச் சார்ஜ் ஏறத் தொடங்கியதும் பலவற்றில் வெளியே வருவது 5-க்கு இறங்கிவிடும். இரண்டாவது போர்ட்டில் போனைச் செருகினாலும் பெரும்பாலும் இதே கதைதான். அப்போது ரவுட்டரைக் கழற்றிச் சுவர் பிளக்கில் மாட்ட வேண்டியதுதான்.

(தொடரும்)