முகம் ஒண்ணு... வீடு முப்பத்தாறு!

பாரிஸ்னாலே நம்ம சினிமாவுக்கு ஈஃபில் டவர்தான். ஹீரோவும் ஹீரோயினும் கோட்டு போட்டுக்கிட்டு அதுக்கு முன்னால ஒரு சுத்து சுத்திட்டு ஃப்ளைட் ஏறிடுவாங்க. அந்த டவரைவிட 277 வருஷம் சீனியர் ஒருத்தர் அதே ஊர்ல இருக்கார், பாஸ். பேரு ‘ப்ளாஸ் தெ வோஜ்’. நாம வோஜ் சதுக்கம்னு வெச்சுக்குவோம்.

ஒரு பக்கம் சுமார் 140 மீட்டர். நடுவுல தோட்டம், சுத்தி 36 வீடுகள். எல்லாத்துக்கும் சிவப்பு செங்கல், ஓரத்துல வெள்ளைக் கல், செங்குத்தான ஸ்லேட் கூரை. கீழே வளைவு வளைவா நிழல் நடைபாதை. கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி போட்டு ஒரே வீட்டை வரிசையா ஒட்டின மாதிரி! தெற்கே ‘ராஜா வீடு’, வடக்கே ‘ராணி வீடு’ மட்டும் கொஞ்சம் தலை தூக்கி நிற்கும்.

இந்த இடத்தோட ஃப்ளாஷ்பேக் கொஞ்சம் சோகம். அப்போ இங்கே ‘தூர்னெல்’னு ஒரு அரண்மனை இருந்தது. 1559-ல கல்யாண விசேஷம். சந்தோஷத்துல மன்னர் இரண்டாம் ஹென்றியே குதிரை ஏறி ஈட்டிப் போட்டிக்கு இறங்கினார். எதிராளியோட ஈட்டி உடைஞ்சு, சிலாம்பு அவர் கண்ணுல பாய்ஞ்சது. பத்தாவது நாள் மன்னர் காலி. ‘இந்த அரண்மனை முகத்துலயே இனி முழிக்க மாட்டேன்’னு ராணி கேத்தரின் அதை இடிக்கச் சொல்லிட்டாங்க. காலி மனையில குதிரைச் சந்தை வந்தது.

அரை நூற்றாண்டு கழிச்சு வந்தவர் நான்காம் ஹென்றி. இவர் கணக்கே வேற. பட்டுக்காக வெளிநாட்டுக்குப் போற காசை நிறுத்தணும்னு இங்கே ஒரு பட்டு நெசவுக்கூடம் ஆரம்பிச்சார். 1605-ல சதுக்கத்துக்கு ஆணை போட்டார். ஒரு பக்கம் நெசவுக்கூடம், மத்த மூணு பக்கம் வீடுகள். கீழே கடைங்க, மேலே கைத்தொழில் செய்றவங்க வாடகைக்கு இருக்க அறைகள். சாயங்காலம் ஊர் ஜனங்க காலாற நடக்க நடுவுல திறந்தவெளி. அதாவது, நம்ம ஊர் பாஷையில சொன்னா தொழிலாளர் குடியிருப்பு!

மனைகளை வருஷத்துக்கு ஒரே ஒரு தங்கக் காசு வாடகைக்குக் கொடுத்தார். கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு: முன்பக்கம் ராஜா கொடுத்த டிசைன்படி இருக்கணும். பின்னாடி உங்க இஷ்டம். அதான் இங்கே மேட்டரே! முகப்பு மட்டும்தான் ஒரே அச்சு. கதவுக்குப் பின்னாடி ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு தினுசு. முற்றம், படிக்கட்டு, அறைங்க எதுவும் ஒத்துப் போகாது.

சிவில் படிக்கிற பையன் இன்னொரு விஷயத்தைச் சொல்லாம நகர முடியாது. அந்தச் சிவப்பு செங்கல்ல எல்லாமே செங்கல் இல்லை! சில வீடுகள்ல மரச்சட்டத்து மேல சாந்து பூசி, செங்கல் மாதிரியே கோடு போட்டு கலர் அடிச்சிருக்காங்க. ராஜா கேட்டது செங்கல் முகம், பர்ஸ் ஒத்துழைக்கலை, அவ்ளோதான். நானூறு வருஷம் முன்னாடியே டகால்டி வேலை!

நெசவுக்கூடம் ஓடலை. 1607-லயே அதை எடுத்துட்டு நாலாவது பக்கமும் வீடு கட்ட முடிவாச்சு. 1610-ல ஹென்றியை நடுத்தெருவுல குத்திக் கொன்னுட்டாங்க. சதுக்கம் முடிஞ்சதைப் பார்க்க அவர் இல்லை. 1612 ஏப்ரல்ல அவர் மகன் பதிமூன்றாம் லூயியோட நிச்சயதார்த்தத்துக்கு மூணு நாள் திருவிழாவோட திறப்பு விழா. அதுக்குள்ள தொழிலாளி கதை முடிஞ்சு போச்சு. வீடெல்லாம் பிரபுக்கள், பெரும் அதிகாரிகள் கையில.

பெரிய மனுஷங்க வந்தா அலப்பறையும் வரணும் இல்லையா? வாள் சண்டையைத் தடை பண்ணி சட்டம் இருந்த காலம். பூட்வில்னு ஒரு பிரபு, சண்டை போடறதையே பொழைப்பா வெச்சிருந்தவர். 1627 மே மாசம், பட்டப்பகல்ல, எல்லா ஜன்னலும் பார்க்க இந்தச் சதுக்கத்துலயே கத்தியை உருவினார். அரசாங்கத்துக்கு நேரடி சவால். ஒரு மாசம் கழிச்சு, அவர் தலை வெட்டப்பட்டது. ‘பெரிய இடத்துப் பிள்ளை, விட்டுடுவாங்க’ கதையெல்லாம் கார்டினல் ரிஷ்லியூகிட்ட எடுபடலை.

அதே ரிஷ்லியூதான் 1639-ல நடுவுல பதிமூன்றாம் லூயிக்கு வெண்கலச் சிலை வெச்சார். அந்தக் குதிரைக்கு ஒரு கதை இருக்கு. அது லூயிக்காகச் செய்ததே இல்லை. கண்ணுல ஈட்டி பட்டுச் செத்த இரண்டாம் ஹென்றிக்காக கேத்தரின் இத்தாலியில ஆர்டர் கொடுத்தது. குதிரை மட்டும்தான் தயாராச்சு. எண்பது வருஷம் கழிச்சு, வேற ராஜாவைச் சுமந்துக்கிட்டு, தன் ராஜா செத்த இடத்துக்கே அது வந்து நின்னுச்சு! 1792-ல புரட்சிக்காரங்க உருக்கிட்டாங்க. இப்ப இருக்கிறது பத்தொன்பதாம் நூற்றாண்டு பளிங்கு. குதிரை வயித்துக்குக் கீழே ஒரு மரக்கட்டை முட்டு இருக்கும், பார்த்திருக்கீங்களா? அழகுக்காக இல்லை, லோடு தாங்க.

1682-ல அரசவை வெர்சேய்க்கு மாறினதும் பிரபுக்கள் கூட்டம் மெல்ல மேற்குப் பக்கம் ஜாகை மாத்துச்சு. பெரிய வீடுங்க பட்டறை, கிடங்கு, குட்டிக் குட்டி போர்ஷன்னு உடைஞ்சது. பேரும் மாறிக்கிட்டே இருந்தது. முதல்ல ‘ராஜ சதுக்கம்’. புரட்சி வந்ததும் வேற வேற பேர். 1800-ல, முதல் ஆளா ஒழுங்கா வரி கட்டின வோஜ் மாவட்டத்துக்குப் பரிசா அதோட பேரை வெச்சாங்க. வரி கட்டினதுக்கு உலகத்துலயே அழகான ரசீது!

வாடகை கொஞ்சம் இறங்கினதுக்கு அப்புறம்தான் எழுத்தாளர்கள் பக்கம் காத்து வீசும். 1832-ல 6-ம் நம்பர் வீட்டு இரண்டாவது மாடிக்குக் குடி வந்தார் விக்டர் ஹ்யூகோ. அவரும் வாடகைக்காரர்தான். பதினாறு வருஷம் இருந்தார். மூத்த மகள் லியோபோல்தீன் 1843-ல கணவனோட படகு கவிழ்ந்து இறந்த சேதி வந்தபோது அவர் முகவரி இதுதான். 1845-ல ‘லெ மிஸரபிள்’ நாவலை எழுத ஆரம்பிச்சதும் இங்கேதான். புரியலையா? நம்ம சுத்தானந்த பாரதியார் தமிழாக்கி, 1950-ல நாகையா நடிச்சு படமா வந்த ‘ஏழை படும் பாடு’! 1848 புரட்சியில ஆயுதத்தோட ஜனங்க அவர் வீட்டுக்குள்ளயும் வந்துட்டுப் போனாங்க. அதோட அவர் ஜாகை மாத்திட்டார்.

1962-ல பழைய நகர்ப் பகுதிகளைக் காக்க அமைச்சர் மால்ரோ சட்டம் கொண்டு வந்தார். சதுக்கம் இருக்கிற மாரே பகுதியும் அதுக்குள்ள வந்தது. இடிஞ்ச கூரை நிமிர்ந்தது, அழுக்குச் சுவர் பளிச்சுனு ஆச்சு. கூடவே வாடகையும்! பட்டறை வெச்சிருந்தவங்க, குட்டி போர்ஷன்ல இருந்தவங்க நிறைய பேர் வெளியே போனாங்க. சுவரைக் காப்பாத்த சட்டம் இருந்தது, சுவருக்குள்ள இருந்தவங்களைக் காப்பாத்த பெருசா எதுவும் இல்லை. எனக்கு இதுதான் இடிக்குது.

இப்ப நம்ம வயசுக்காரங்க மேட்டர். ‘பேச்சிலரா? இல்லப்பா, ஃபேமிலிக்குத்தான்’னு வீட்டுக்காரர் கதவைச் சாத்தின அனுபவம் நம்ம கேங்ல யாருக்கு இல்லை? பாரிஸ் மாணவர்களுக்கும் அதே பாடுதான், வாடகை மட்டும் யூரோவுல! 2006-ல சில இளைஞர்கள் ‘கறுப்பு வியாழன்’னு ஒரு குழு ஆரம்பிச்சாங்க. வாடகை விளம்பரப் பத்திரிகை வர்ற கிழமை அது. தீப்பெட்டி சைஸ் ரூமுக்கு யானை விலை கேட்டா, ரூம் பார்க்கற சாக்குல கும்பலா உள்ளே போய், பாட்டு போட்டு, கலர் பேப்பர் தூவி ஆடிட்டு வருவாங்க. செம ரவுசு!

2009 அக்டோபர் கடைசியில அவங்க கை வெச்சது இந்தச் சதுக்கத்து ‘1 பிஸ்’ வீட்டுல. சாதாரண வீடு இல்லை. மகளுக்கு எழுதின கடிதங்களாலயே பிரெஞ்சு இலக்கியத்துல இடம் பிடிச்ச மதாம் செவின்யே 1626-ல பிறந்த மாளிகை. அது நாற்பது வருஷத்துக்கு மேல பூட்டியே கிடந்தது. மாணவர்களும் நிரந்தர வேலை இல்லாத இளைஞர்களுமா முப்பது பேர் போலக் குடியேறினாங்க. செவின்யே நினைவா ‘சீமாட்டி’ங்கற அர்த்தத்துல ‘லா மார்க்கீஸ்’னு அந்த இடத்துக்குப் பேரும் வெச்சாங்க.

உரிமையாளர் வயசான ஒரு அம்மா. வழக்கு நீதிமன்றம் போச்சு, காலி பண்ணச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2010 அக்டோபர்ல போலீஸ் வெளியேத்துச்சு. அடுத்தவங்க வீட்டுல பூந்தது சட்டப்படி தப்புதான், அதுல எனக்கு வாதமே இல்லை. ஆனா, கைத்தொழில் செய்றவங்க அறை எடுத்துத் தங்கணும்னு ராஜா வரைஞ்ச சதுக்கத்துல, வாடகை கட்ட முடியாத முப்பது பேர் ஒரு வருஷமாவது சமைச்சுச் சாப்பிட்டுத் தூங்கியிருக்காங்க. நான்காம் ஹென்றி இருந்திருந்தா யார் பக்கம் நின்னிருப்பார்?

பாரிஸ் போற யோகம் அடிச்சா ஒரு டிப்ஸ். ஹ்யூகோ இருந்த மாடி 1903-லேர்ந்து மியூசியம். நிரந்தரக் காட்சிக்கு டிக்கெட் கிடையாது. பார்த்துட்டு இறங்கி, வளைவு நடைபாதை வழியா ஒரு ரவுண்டு வாங்க. எந்த வீட்டுல நிஜ செங்கல், எந்த வீட்டுல பெயின்ட்டுனு கண்டுபிடிச்சு நமக்கு ஒரு கார்டு போடுங்க!