மெழுகா, கொழுப்பா?

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையைவிட்டுச் சற்று விலகினால் இரும்பை என்னும் சிற்றூரை அடையலாம். திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வூரைப் பற்றி வழங்கும் கதையை நேயர்களில் பலர் கேட்டிருக்கக்கூடும். கடுவெளிச் சித்தரை ஊரார் கூடிய சபையிலே பரிகசித்தார்கள். அவர் மனம் நொந்து பாடவே, கோயிலில் இருந்த சிவலிங்கம் வெடித்துப் பிளந்தது என்பார்கள். கதை எப்படியாயினும், அது உணர்த்தும் நீதி மெய்யானது. ஒருவன் உயிரினும் மேலாகக் காப்பதை மற்றொருவன் அற்பமென்று எண்ணினால், எதிர்பாராத இடத்தில் வெடிப்பு நேரும். இந்த நீதிக்கு நம் தேச சரித்திரம் தரும் பெரிய சான்று ஒன்று உண்டு. அது துப்பாக்கிக் குண்டின்மேல் தடவிய கொழுப்பின் கதை.

இரும்பையைச் சூழ்ந்த சீமைக்குத் துப்பாக்கிக் குண்டு புதிதன்று. 1760 ஜனவரி 22-ஆம் தேதி வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அக்காலத்துக் குண்டு ஈயத்தால் வார்த்த சிறு உருண்டை. ஈயம் 327 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். ஓர் அடுப்பும், ஓர் இரும்புக் கரண்டியும், ஓர் அச்சும் இருந்தால் பாசறையிலேயே குண்டு வார்த்துக்கொள்ளலாம். துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. குண்டோ குழலைவிடச் சிறியது. ஆகையால் மேலிருந்து போட்டால் எளிதில் இறங்கிவிடும். அதற்கு எண்ணெயும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். ஆனால் நூறு கஜத்துக்கு அப்பால் குறி தவறும்.

குறி தவறாதிருக்க வேண்டுமானால் குண்டு சுழன்று கொண்டே பறக்க வேண்டும். அதற்காகக் குழலின் உட்புறத்தில் சுருள் சுருளாக வரிப்பள்ளங்கள் வெட்டினார்கள். இதுவே ரைபிள். குண்டு அந்தப் பள்ளங்களை இறுகப் பற்றினால்தான் சுழலும். இறுகப் பற்றினாலோ உள்ளே தள்ளுவது கடினம். மேலும் ஈயம் மிருதுவானது. உரசிக்கொண்டு ஓடும்போது அது குழலில் அப்பிக்கொள்ளும். கருமருந்து எரிந்த கரியும் அதனோடு சேர்ந்து கட்டியாகும். சில முறை சுட்டபின் அடுத்த குண்டு இறங்காது. இந்தத் தொல்லைக்கு ஒரே பரிகாரம் மசகு. குண்டின்மேல் தடவிய மசகு உரசலைக் குறைக்கும். படிந்த கரியையும் இளக்கிவிடும்.

1853-ஆம் வருஷத்து என்பீல்டு ரைபிளின் குழல் விட்டம் 0.577 அங்குலம், அதன் குண்டின் விட்டம் முதலில் 0.568 அங்குலம். அளவான மருந்தையும் குண்டையும் ஒரு காகிதக் குழாயில் சுற்றித் தோட்டாவாகச் செய்தார்கள். குண்டு இருக்கும் முனையை உருகிய மசகில் தோய்த்தார்கள். சிப்பாய் தோட்டாவின் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைச் செருகி, கெஜக்கோலால் இடித்து இறக்க வேண்டும். இங்கிலாந்தில் அந்த மசகு மிருகக் கொழுப்பும் மெழுகும் கலந்தது. பசுவின் கொழுப்பானால் ஹிந்துவுக்கு ஆகாது. பன்றியின் கொழுப்பானால் முஸ்லிமுக்கு ஆகாது. கடிக்க வேண்டிய வாயோ அவர்களுடைய வாய்!

இது யாருக்கும் தோன்றாத விஷயமன்று. 1853-ஆம் ஆண்டிலேயே வங்காளப் பட்டாளத்தின் அதிகாரியான கர்னல் டக்கர், இத்தோட்டாக்களைச் சுதேசிச் சிப்பாய்களுக்குக் கொடுப்பதில் எச்சரிக்கை வேண்டுமென்று எழுதினார். அவர் சொல் ஏறவில்லை. கல்கத்தாவுக்கு அருகே டம்டமில் தோட்டா செய்தபோது, குத்தகைக்காரர் கொடுத்த கொழுப்பு எந்தப் பிராணியினுடையது என்று எவரும் விசாரிக்கவில்லை.

1857 ஜனவரியில் அந்த டம்டமில், தோட்டாச் சாலைத் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாயிடம் அவருடைய செம்பில் தண்ணீர் கேட்டதாகவும், சிப்பாய் ஜாதியைக் காட்டி மறுத்ததாகவும் சொல்வர். “பசுக் கொழுப்பைக் கடிக்கப் போகிறவருக்கு ஜாதி ஏது?” என்ற கருத்தில் அந்தத் தொழிலாளி பதில் கூறினாராம். இந்தச் சம்பவத்தில் கும்பினியாரின் அலட்சியத்தை மாத்திரம் காண்பது நியாயமாகாது. தாகத்துக்கு நீர் கேட்டவரை மறுத்ததும் ஓர் அவமதிப்பே. நாமும் அதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

சமாசாரம் பரவியதும் சர்க்கார் விழித்துக்கொண்டது. ஜெனரல் ஹியர்ஸியின் யோசனைப்படி, சிப்பாய்கள் கடையில் தாங்களே மெழுகும் எண்ணெயும் வாங்கித் தடவிக்கொள்ளலாம் என்று ஜனவரி மாதத்திலேயே உத்தரவாயிற்று. பிறகு பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்றும் விதி மாறியது. ஆனால் நம்பிக்கை போய்விட்டது. மார்ச் 29-ஆம் தேதி பாரக்பூரில் மங்கள் பாண்டே கிளர்ந்தெழுந்தார்; ஏப்ரல் 8-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். ஏப்ரல் 24-ஆம் தேதி மீரட்டில் குதிரைப் படையினர் 90 பேருக்குப் பழைய மாதிரித் தோட்டாக்களே நீட்டப்பட்டன. ஆயினும் 85 பேர் தொட மறுத்தனர். மே 9-ஆம் தேதி அவர்களை அணிவகுப்பில் நிறுத்தி விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் பற்றி எரிந்தது.

இத்தனைக்கும் ஆங்கிலேயருக்கு முன் அனுபவம் இல்லையென்று சொல்ல முடியாது. திண்டிவனத்துக்கு வடமேற்கே உள்ள வேலூரில் அவர்கள் அந்தப் பாடத்தைக் கற்றிருக்க வேண்டும். 1805-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்கள் நெற்றிக் குறி அணியலாகாது, தாடி வைக்கலாகாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை தரிக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பி அவர்களை அடக்கினான், நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். உத்தரவு ரத்தாயிற்று. கவர்னர் பெண்டிங்கும் சேனாதிபதி கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். அரை நூற்றாண்டு கழித்துத் தோல் போய்க் கொழுப்பு வந்தது. தவறு ஒன்றேதான்.

இதில் ஒரு விசித்திரத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். தொழில் நுட்பத்தைக் கொண்டு பார்த்தாலும் கொழுப்பு உயர்ந்த மசகு அன்று. நம் நாட்டு வெயிலில் அது இளகிக் காகிதத்தில் ஊறிவிடும். நாள்பட்டால் ஈயத்தையும் அரிக்கும். தேன்மெழுகோ அறுபது டிகிரிக்கு மேல்தான் உருகும். சில ஆண்டுகளுக்குள் ஆங்கிலேயப் பட்டாளமே கொழுப்பைக் கைவிட்டுத் தேன்மெழுகை ஏற்றது; குண்டின் விட்டத்தையும் 0.55 அங்குலமாகக் குறைத்தது. சிப்பாய்களுக்கு ஆட்சேபம் இல்லாத பொருளே துப்பாக்கிக்கும் ஏற்ற பொருளாயிருந்தது! முன்னதாகவே அவர்களைக் கலந்திருந்தால் இரண்டு காரியமும் ஒருங்கே கைகூடியிருக்கும்.

அதன்பின் சாஸ்திரம் வேறு வழியில் சென்றது. 1882-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரூபின் என்பவர் ஈயத்துக்குச் செப்புக் கவசம் போர்த்திய குண்டைச் செய்தார். பட்டாளங்களுக்கு மசகு வேண்டாததாயிற்று. அந்தக் கவசத்தின் நுனியைத் திறந்துவிட்டு, உடலில் பட்டதும் விரியும் கொடிய குண்டைப் பின்னர் ஆங்கிலேயர் செய்த இடமும் டம்டமே. 1899-ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் அவ்வகைக் குண்டு விலக்கப்பட்டது. அமெரிக்கா முதலிய தேசங்களில் தாமே ஈயக் குண்டு வார்க்கும் வேட்டைக்காரர்கள் இன்றும் தேன்மெழுகு கலந்த மசகைத் தடவுகிறார்கள். சிலர் பிளாஸ்டிக் பொடி பூசி அடுப்பில் சுட்டெடுக்கிறார்கள். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம்.

1857-ஆம் ஆண்டின் எழுச்சிக்குக் கொழுப்பு ஒன்றே காரணமென்று நாம் சொல்லவில்லை. பறிபோன ராஜ்யங்கள், வரிச் சுமை, சம்பளக் குறை என்று மருந்து பல காலமாகக் குவிந்திருந்தது. ஆனால் பொறி விழுந்த இடம், ஒருவரும் ஒரு கேள்வி கேட்காத இடம். “இது உமக்குச் சம்மதமா?” என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். கேட்காமல் ஆண்டவர்கள் அதற்குக் கொடுத்த விலை பெரிது. இன்று நம்மை நாமே ஆண்டுகொள்கிறோம். ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்கும் கடமையும் இப்போது நம்முடையதே.