மண்ணில் உருமாறும் குரோமியம்

உலோகம் மக்குவதில்லை. இலையும் சாணமும் மண்ணோடு மண்ணாவதுபோல் குரோமியமும் காரீயமும் மறையா. மண்ணில் விழுந்த உலோகத்திற்கு வடிவ மாற்றமே உண்டு. வறள்நிலத்தில் அம்மாற்றம் எங்ஙனம் நிகழ்கிறது என்பதை, பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு மிக நெருங்கிய குரோமியத்தைக் கொண்டு காண்போம்.

ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல் பதனிட்டனர். வாரக்கணக்கில் நடந்த அவ்வேலையைக் குரோமிய உப்பு விரைவில் முடித்துத் தந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் அதனால் வளம்பெற்றன. நம் வீடுகள் பலவற்றில் அடுப்பெரிந்ததும் அதனாலேயே. கழிவுநீரோடு மண்ணுக்குச் சென்ற பங்கைத்தான் நாம் கணக்கில் எழுதவில்லை.

பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். காரத்தன்மையுள்ள மண்ணில் அது ஐதராக்சைடாகப் படிந்து, நீரில் கரையாது கிடக்கும். நஞ்சும் குறைவு. நாளடைவில் அப்படிவு இறுகி மேலும் அசைவற்றதாகும். செம்பு, துத்தநாகம் ஆகியவற்றின் கதையும் ஏறத்தாழ இதுவே: முதலில் மண்துகளின் மேற்பரப்பில் எளிதிற் பெயரும் நிலையில் ஒட்டியிருந்து, பின் சுண்ணாம்போடும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளோடும் பிணைந்து, பயிரின் வேருக்கு மெல்ல எட்டாதனவாகும். இப்பிணைப்புகளை ஐந்து வகையாகப் பிரித்தறியும் முறையை டெசியரும் அவர்தம் உடனாய்வாளரும் 1979-இல் வகுத்தனர்.

ஆயின் குரோமியத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு, புதிதாய் விழுந்த மூவிணைதிறன் குரோமியத்தின் ஒரு சிறு பங்கை அறுவிணைதிறன் குரோமியமாக மாற்றவல்லது. பார்ட்லெட், ஜேம்ஸ் என்னும் அறிஞர் இருவர் அதே 1979-இல் இதனை வெளியிட்டனர். அறுவிணைதிறன் வடிவம் புற்றுநோய் விளைப்பது, எதிர்மின்னூட்டம் உடையது. கார மண்ணின் துகள்களும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டமே பெற்றிருத்தலால் அதனைப் பற்றிக்கொள்வாரில்லை. மழைநீரோடு கிணற்றுக்கு இறங்கிவிடும். மக்கிய தழையுரம் அதனை மீண்டும் மூவிணைதிறன் ஆக்கும். வறள்நிலத்தில் அவ்வுரம்தானே அரிது! இராணிப்பேட்டையில் குரோமேட் இரசாயனம் செய்த ஆலையொன்று விட்டுச்சென்ற கழிவுமேட்டிலோ, தொடக்கத்திலேயே அறுவிணைதிறன் குரோமியம் இருந்தது. அங்கே மண் மாற்றவேண்டிய தேவையே எழவில்லை.

மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்சநீதிமன்றம், வேலூர் மாவட்டத் தோற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபின்னும் மண்ணில் இருப்பது இருந்தபடியே வேதிவினை புரிந்துகொண்டிருக்கும்.

ஆகவே நிலத்து மண்ணைச் சோதனைக்குக் கொடுப்போர், மொத்தக் குரோமியம் எவ்வளவு என்று மட்டும் கேட்டல் போதாது. அறுவிணைதிறன் எவ்வளவு என்றும் கேட்கவேண்டும். கிணற்று நீரையும் உடன் கொடுக்கவேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியமே இந்தியத் தர வரம்பு.