மூன்று 34கள்

"என்னிடம் மூன்று ஜீன்ஸ் இருக்கின்றன. மூன்றிலும் 34 என்றுதான் போட்டிருக்கிறது. ஒன்று கச்சிதம், ஒன்று மூச்சு முட்டுகிறது, மூன்றாவதை பெல்ட் இல்லாமல் போட்டால் மானம் போகும். ஏன்?" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

லேபிளில் முதல் எண் இடுப்பு, இரண்டாவது உள்கால் நீளம், இரண்டும் அங்குலம். இது தெரிந்ததுதான். அந்த முதல் எண் பல நேரம் வெறும் முகஸ்துதி என்பதுதான் வேடிக்கை. 2010இல் எஸ்குவயர் இதழுக்காக ஒருவர் டேப்பும் கையுமாகப் போய், 36 என்று போட்டிருந்த பேன்ட்களை அளந்தார். 37 முதல் 41 வரை வந்தது! தொப்பைக்காரரையும் ஒல்லியென்று நம்பவைத்தால் அவர் அதே கடைக்குத் திரும்பி வருவார் அல்லவா?

என் அப்பாவின் தையல்காரருக்கு இந்த வித்தை தெரியாது. அளவெடுக்கும்போது நான் வயிற்றை எக்கினால், "மூச்ச விடு தம்பி, நாளைக்கு இதப் போட்டுட்டு சாப்பிட உக்காரணும்ல" என்பார்.

இன்னொரு சிக்கல், இடுப்பு எது என்பது. நாம் வேட்டி கட்டும் இடம் தொப்புளை ஒட்டி. ஜீன்ஸ் பெரும்பாலும் அதற்குக் கீழே நிற்கும். வேட்டி இடுப்பை அளந்து ஜீன்ஸ் வாங்கினால் பொருந்தாது.

ஆகவே உடம்பை விடுங்கள், பொருந்துகிற பழைய ஜீன்ஸை அளந்துகொள்ளுங்கள். பட்டன் போட்டு, மேசையில் விரித்து, முன்பட்டியும் பின்பட்டியும் சேர நீவி, ஓரத்துக்கு ஓரம் அளந்து இரட்டியுங்கள். 17 வந்தால் 34. கவட்டில் தையல்கள் கூடும் இடத்திலிருந்து கீழ்மடிப்பு வரை உள்கால். அதே கவட்டுத் தையலிலிருந்து முன்பக்கமாக மேல்பட்டி வரை முன் உயரம். ஜீன்ஸ் இடுப்பில் எங்கே நிற்கும் என்பதைச் சொல்வது இதுதான். ஆன்லைனில் வாங்குபவர்கள், அட்டவணையில் இருப்பது உடல் அளவா துணி அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு தவறினால் வீணாவது பணம் மட்டுமல்ல. பருத்தி வயல் முதல் நம் வீட்டுத் துவைப்பு வரை ஒரு ஜீன்ஸின் ஆயுளுக்கு ஏறக்குறைய 3,800 லிட்டர் தண்ணீர் என்று லீவைஸ் நிறுவனமே கணக்குச் சொல்லியிருக்கிறது. இளைத்த பிறகு போடலாமென்று பீரோவில் மடித்து வைத்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் இதில் பெரும்பங்கு ஏற்கெனவே செலவாகிவிட்டது.

என் பீரோ கதவின் உட்புறம் மூன்று எண்கள் பென்சிலில் இருக்கின்றன. இரண்டு முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். இரண்டு முறையும் ஏற்றித்தான்.