ஃபிளாப் இறங்காத விமானம்

விமானத்தில் இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னலோர இருக்கை கிடைத்தால், ஓடுபாதைக்குப் போகும் வழியில் வெளியே பாருங்கள். 'ர்ர்ர்' என்ற ஓசையோடு இறக்கையின் பின்னோரம் ஓட்டு வீட்டுத் தாழ்வாரம்போல நீண்டு கீழே சாயும். அதுதான் ஃபிளாப். முன்னோரத்திலும் ஒரு பட்டை நகரும், அது ஸ்லாட்.

ஜெட் விமானத்தின் இறக்கை மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறப்பதற்காகச் செய்யப்பட்டது. தரையை விட்டு எழும்போதோ வேகம் அதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். அதே காற்றில் வேகம் மூன்றில் ஒன்றானால், தூக்குவிசை ஒன்பதில் ஒன்றாகிவிடும். இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டத்தான் ஃபிளாப் இறக்கையை அகலமாக்கி, வளைவையும் கூட்டுகிறது. அது இல்லாமல் மூக்கைத் தூக்கினால், இறக்கையின் மேல் ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துபோகும். எஞ்சின்கள் முழுமூச்சாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானம் விழும்.

2008 ஆகஸ்ட் 20 அன்று மாட்ரிட்டின் பராஹாஸ் விமான நிலையத்தில் நடந்தது அதுதான். ஸ்பான்ஏர் நிறுவனத்தின் எம்.டி.-82 விமானம் 172 பேருடன் கிரான் கனேரியா தீவுக்குக் கிளம்பியது. ஓடுபாதை வரை போய் ஒருமுறை திரும்பியும் வந்தது. வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் கருவியில் ஒரு ஹீட்டர் உண்டு. பறக்கும்போது மட்டும் சூடேற வேண்டிய அது, தரையிலேயே சூடேறியிருந்தது. பராமரிப்புப் பணியாளர்கள் அதன் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துத் துண்டித்து விமானத்தை அனுப்பினார்கள். அது ஏன் சூடேறியது என்று கண்டுபிடிக்கவில்லை.

ஏற்கெனவே தாமதம். சரிபார்ப்புப் பட்டியலில் ஃபிளாப் வரி வரும் நேரத்தில், விமானத்தை நகர்த்த அனுமதி கேட்கும்படி துணை விமானியிடம் சொன்னார் தலைமை விமானி. அந்த வரி விட்டுப்போனது. கடைசிச் சரிபார்ப்பில் துணை விமானி '11' என்று ஒப்பிப்பது ஒலிப்பதிவில் இருக்கிறது. ஃபிளாப் உண்மையில் இருந்தது பூஜ்யத்தில். சுமார் 40 அடி எழும்பிய விமானம் வலப்புறம் சரிந்து விழுந்து எரிந்தது. 154 பேர் இறந்தார்கள். 18 பேர் பிழைத்தார்கள்.

மனிதர் மறப்பார் என்பதற்காகத்தானே எச்சரிக்கைக் கருவி? ஃபிளாப் இறங்காத நிலையில், எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முன்னே தள்ளினால் அது அலற வேண்டும். அன்று அலறவில்லை. விமானம் தரையில் இருக்கிறதா, வானில் இருக்கிறதா என்பதை ஹீட்டருக்கும் இந்தக் கருவிக்கும் தெரிவிப்பது ஒரே ரிலே. 'வானில்' என்று அது தவறாகக் காட்டினால் ஹீட்டர் சூடேறும், எச்சரிக்கை ஊமையாகும். சந்தேகம் அந்த ரிலேயின் மேல்தான் விழுந்தது. முடிவாக நிரூபிக்க முடியவில்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இது புதிய பாடமல்ல. 1987 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்ட்டில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் விமானம் ஒன்று விழுந்தது. அதே ரகம், அதே மறதி, அதே ஊமைக் கருவி. தரையில் இருந்த இருவரையும் சேர்த்து 156 பேர் பலி. விமானத்தில் தப்பியது நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும். அதன்பிறகு, ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கருவியைச் சோதிக்கும்படி தயாரிப்பாளரான மெக்டொனல் டக்ளஸ் பரிந்துரைத்தது. பரிந்துரை மட்டும்தான், கட்டாயமில்லை. ஸ்பான்ஏர் நடைமுறையில் அன்றைய முதல் பயணத்துக்கும் விமானிகள் மாறும்போதும் சோதித்தால் போதும். இந்த விமானிகளோ காலையிலேயே பார்சிலோனாவிலிருந்து அதே விமானத்தை ஓட்டி வந்தவர்கள்.

மாட்ரிட் விபத்துக்குப் பிறகு, அதே ஆண்டில், ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. த்ராட்டிலை முன்னே தள்ளி, ஒலி கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் பின்னே இழுக்க வேண்டும். ஆகும் நேரம் சில வினாடிகள்.