ட்யூஷனில் வந்த ஆங்கிலம்

தமிழ் மீடியத்திலிருந்து வந்த நண்பர்களே, நமக்கு லேத்தைக் கண்டு பயமில்லை. வைவாவில் ஆங்கிலத்தில் கேட்டால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் வீட்டில் சந்தேகம் கேட்கவும் ஆளில்லை, படிக்க வந்த முதல் ஆளே நான்தான்.

எங்கள் தெரு அக்கா ஒருவரிடம் 5 பேர் ட்யூஷன் போகிறோம். “கிராமர் எல்லாம் அப்புறம், லேப் ரெக்கார்டை எடுங்கப்பா” என்பார். 'வால்வைத் திறந்தேன்' என்று தமிழில் வினை கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் 'ஐ ஓபன்ட் தி வால்வ்' என்று முன்னே வந்துவிடும். ரெக்கார்டிலோ 'நான்' என்ற ஆளையே காணோம்: 'தி வால்வ் வாஸ் ஓபன்ட்'! அந்த 'தி' தமிழில் கிடையாது, அதனால்தான் பேசும்போது விட்டுப்போகிறது.

60 பேர் வகுப்பில் ஒவ்வொருவர் வாயையும் ஆசிரியர் பார்க்க முடியுமா? இங்கே சொன்ன மாத்திரத்தில் அக்கா திருத்திவிடுவார். யாராவது சிரித்தால் அடுத்த கேள்வி அவனுக்குத்தான்.