முதல் முப்பது நாள், இரண்டு பிள்ளைகள்

டீ ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள் தம்பி. 32 வாரத்தில் பிறந்திருக்கிறார்கள். ஒருவன் 1,700 கிராம், மற்றவன் 1,400. ‘ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது’ என்று இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். அது உண்மையில்லை. வயிற்றில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம்தான். இரட்டையரில் பாதிப் பேருக்கு மேல் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். உங்கள் மனைவி எதையோ தவறாகச் செய்ததால் இப்படி ஆகிவிடவில்லை. அதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.

முதல் சிக்கல் மூச்சு. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற பொருள். கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அது போதிய அளவு ஊறும். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். எடை இரண்டு கிலோவுக்கு மேல். ஆனாலும் இந்த மூச்சுத் திணறலால் இரண்டே நாளில் இறந்துபோனான். அதிபர் வீட்டுப் பிள்ளைக்கே அன்று மருந்து இல்லை. 1980-இல் ஜப்பானிய மருத்துவர் ஃபூஜிவாராவின் குழு, சர்ஃபாக்டன்டை நேரே நுரையீரலுக்குள் செலுத்திப் பிள்ளைகளைப் பிழைக்க வைத்துக் காட்டியது. உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களே, அந்த மருந்துதான்.

மானிட்டர் அடிக்கடி அலறுகிறது என்றீர்கள். மூளையில் மூச்சை நடத்தும் பகுதி இன்னும் முதிரவில்லை; திடீரென்று 20 விநாடி மூச்சு நின்றுவிடும். நர்ஸ் உள்ளங்காலைத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். அதற்கு அவர்கள் தரும் மருந்து கஃபீன், இதோ இந்த டீயில் இருக்கிறதே, அதுவேதான். 34 வாரத்தைத் தாண்டும்போது இந்தத் தொல்லை மெல்ல விலகும். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு வைப்பார்கள். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

உங்கள் வீட்டார் கையில் இருப்பது பால். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒத்து வர ஏறக்குறைய 34 வாரம் ஆகும். அதுவரை வாய்வழிக் குழாய், பிறகு பாலாடை. நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான். வார்டிலும் அதையே பயன்படுத்துகிறார்கள். குறைமாதப் பிள்ளையின் குடல் வீங்கி அழுகிப்போகும் கொடிய நோய் ஒன்று உண்டு. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அதனால்தான் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், பால் எடுக்கச் சொல்கிறார்கள். ஆபரேஷன் வலியோடு இருவருக்கும் பால் எடுப்பவருக்கு மற்ற எந்த வேலையும் கொடுக்காதீர்கள். முதல் வாரம் எடை குறையும். இரண்டு வாரத்தில் மீண்டுவிடும்.

இருவரையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டாம். பெரியவன் முதலில் வீட்டுக்கு வரலாம், சின்னவன் அங்கேயே இருக்கலாம். தாய் எங்கே இருப்பது என்று தவித்துப்போவார். அங்கேதான் நீங்கள் வேண்டும். சட்டையைக் கழற்றிப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் கங்காரு முறையை அப்பாவும் செய்யலாம். இன்குபேட்டர் போதாமல் 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது இது. பிறந்தவுடனே இதைத் தொடங்கினால் இறப்பு கால்வாசி குறைகிறது என்று, இந்தியாவும் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2021-இல் காட்டியது.

வீட்டுக்கு வந்த பிறகு சாம்பிராணிப் புகை, மூக்கில் எண்ணெய், உரை மருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கூடாது. உங்கள் அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் பாசத்தில்தான் செய்வார், ஆனால் இந்த நுரையீரலும் குடலும் அதைத் தாங்காது. பால் குடிக்க மறுத்தாலும், பாதம் சில்லிட்டாலும், நெஞ்சு உள்வாங்கி மூச்சு விட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நான் மிகவும் அஞ்சுவது கண்ணை நினைத்துத்தான். குறைமாதத்தில் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பின் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகவே தெரியும், பிள்ளை அழவும் அழாது. காலத்தோடு கண்டுபிடித்தால் லேசரில் காப்பாற்றலாம். பிந்தினால் பார்வை திரும்பாது. அதனால் 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்திருந்தால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. ஒரு தடவை பார்த்தால் முடியாது. போதும் என்று கண் டாக்டர் சொல்லும்வரை போக வேண்டும். எடை ஏறி, வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருக்கும் நாளில்தான் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள், இரண்டு பிள்ளைக்கும் தனித்தனியாக.